மாடியில் விருந்தாளி வந்தால் மளிகைக் கடைக்கு லாபமா, நஷ்டமா?



ஒரு மளிகைக் கடையின் முதல் எது என்று கேட்டால், கல்லாவில் உள்ள ரொக்கம், அலமாரியில் உள்ள சரக்கு, வங்கியில் உள்ள இருப்பு என்று வரிசையாகச் சொல்வோம். ஐந்தொகையில் எழுதப்படாத இன்னொரு முதலும் உண்டு. கடைக்கு மேல்மாடியிலும் எதிர் வரிசையிலும் பக்கத்துத் தெருவிலும் குடியிருக்கும் குடும்பங்கள்தாம் அந்த முதல். மாதச் சாமான் பட்டியலோடு வருபவர்களும், அவசரத்துக்கு அரை லிட்டர் எண்ணெய் வாங்க வருபவர்களும் இவர்களே.

இந்த முதல் சிறிது சிறிதாகக் கரைந்தால் கடைக்கு என்ன நேரும்? இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரத்தைக் கொண்டு இதை இந்தப் பாடத்தில் ஆராய்வோம். அங்கே பழைய குடியிருப்பு வீடுகள், கட்டில், மெத்தை, அடுப்பு, பாத்திரம் எல்லாம் வைத்து நாள் வாடகைக்கு விடும் விடுமுறை வீடுகளாக மாறி வருகின்றன. அந்த வீட்டை எடுப்பவர், விடுபவர், அதன் கீழே கடை வைத்திருப்பவர் ஆகிய மூவர் கணக்கையும் தனித்தனியே பார்ப்போம்.

வணிகர்கள் கட்டிய ஊர்

வெனிஸ் கடற்கழியின் நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளின் மேல் எழுந்த ஊர். 400க்கும் அதிகமான பாலங்கள் அந்தத் தீவுகளை இணைக்கின்றன. தரையோடு இணைக்கும் ரயில் பாலம் 1846இலும், சாலைப் பாலம் 1933இலும் திறக்கப்பட்டன. பேருந்தும் காரும் ஊரின் ஓரத்தில் உள்ள ரோமா சதுக்கத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் படகு, இல்லையென்றால் நடை.

இந்த ஊரை வளர்த்தது வணிகம். மலபார் கரையில் ஏற்றப்பட்ட மிளகு செங்கடல் வழியாக எகிப்தின் அலெக்சாந்திரியா வரை சென்று, அங்கிருந்து வெனிஸ் கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போனது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்குக் கடல்வழி கண்டபோது, அந்தச் செய்தி வெனிஸ் வணிகர்களைக் கலங்கச் செய்தது இதனால்தான். ஊரின் சந்தை இருந்த ரியால்டோ பகுதியில் இன்றும் நிற்கும் பழைய தேவாலயத்தின் சுவரில், இங்கே வணிகம் செய்பவரின் எடை சரியாகவும் ஒப்பந்தம் நேர்மையாகவும் இருக்கட்டும் என்ற பொருளில் ஒரு கல்வெட்டு உள்ளது. மீன் சந்தையில் எந்த மீன் எவ்வளவு நீளத்துக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்பதற்கும் கல்லில் அளவு எழுதி வைத்திருக்கிறார்கள்.

வணிகர் வீடுகளின் அமைப்பும் நமக்குப் பழக்கமானதே. கீழ்த்தளத்தில் கால்வாயை நோக்கிய வாசல், சரக்கு இறக்கும் இடம், கிடங்கு. மேல்தளத்தில் குடும்பம். கீழே கடை, மேலே வீடு என்று நாம் வாழும் முறைதான் இது.

வெளியூர் வணிகர்களைத் தங்க வைப்பதும் அந்த ஊருக்குப் புதிதன்று. ரியால்டோ பாலத்தை ஒட்டி ஜெர்மானிய வணிகர்களுக்கென்று ஒரு பெரிய சத்திரக் கிடங்கு இருந்தது. தீ விபத்துக்குப் பின் 1505 முதல் 1508 வரை அது புதிதாகக் கட்டப்பட்டது. கீழே சரக்கு, மேலே தங்கும் அறைகள். அரசு நியமித்த தரகர் மூலமே வியாபாரம் நடந்தது. துருக்கிய வணிகர்களுக்கும் 1621 முதல் தனிக் கட்டடம் கொடுத்தார்கள். இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று விருந்தாளிக்குத் தனிக் கட்டடம் இருந்தது. ஊராரின் வீட்டை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மொத்தச் சரக்கு வாங்கவும் விற்கவும் வந்தவன். இன்றைய விருந்தாளி இரண்டு அல்லது மூன்று இரவு தங்கிப் போகிறவர், தங்குவதும் அண்டை வீட்டுக்காரர் குடியிருந்த வீட்டிலேயே.

எடுப்பவர் கணக்கு

ஹோட்டல் அறைக்குப் பதிலாக இப்படி ஒரு வீட்டை எடுப்பதில் குடும்பத்தோடு செல்பவர்களுக்கு லாபம் உண்டு. நான்கு பேருக்கு இரண்டு ஹோட்டல் அறை எடுப்பதைவிட ஒரு வீடு சிக்கனமாக முடியலாம். சமையலறை இருப்பதால் மூன்று வேளையும் உணவகத்துக்குப் போக வேண்டியதில்லை. சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும், வயதானவர்களையோ குழந்தைகளையோ அழைத்துச் செல்பவர்களுக்கும் இது பெரிய வசதி. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் வணிகக் குடும்பங்களுக்கும் இந்த விவரம் பயன்படும். ஆனால் சரக்கைப் பார்க்காமல் முன்பணம் கட்டுவது போன்ற கொள்முதல் இது. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் சரிபார்த்த பின்பே பணம் அனுப்ப வேண்டும்.

1. பதிவு எண்: இத்தாலியில் நாள் வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் தேசிய அடையாள எண் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் இதை விளம்பரத்திலும் கட்டட வாசலிலும் காட்டுவது கட்டாயம். எண் இல்லாத விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டக் கூடாது.

2. முகவரி: வெனிஸில் கதவு எண் தெரு வாரியாக இல்லை. ஊர் ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதி முழுவதற்கும் தொடர் எண் போடப்பட்டுள்ளது. காஸ்தெல்லோ பகுதியில் எண்கள் ஆறாயிரத்தையும் தாண்டும். பகுதி பெயரையும் எண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடிப்பது கடினம். சந்தின் பெயர், அருகிலுள்ள படகு நிறுத்தம் இரண்டையும் எழுதி வாங்க வேண்டும்.

3. பாலமும் படியும்: படகு நிறுத்தத்திலிருந்து வீடு வரை எத்தனை பாலம் என்று கேட்க வேண்டும். பெரும்பாலான பாலங்களில் படிகள் உண்டு. பெட்டியைத் தூக்கித்தான் ஏற வேண்டும். வீடு எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்பதும் முக்கியம். கன்னரேஜோ பகுதியில் 1516இல் யூதர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட கெட்டோவில் இடம் போதாமல் வீடுகளை உயரமாகக் கட்டிக்கொண்டே போனார்கள். தாழ்ந்த கூரையுடன் ஆறு, ஏழு அடுக்கு வீடுகள் அங்கே இன்றும் உள்ளன.

4. கீழ்த்தளமா: கடல்நீர் ஏற்றம் அந்த ஊரின் பழைய தொல்லை. 2019 நவம்பர் 12 இரவு நீர்மட்டம் 187 சென்டிமீட்டர் வரை ஏறியது. கழியின் வாயில்களில் அமைத்த தடுப்புக் கதவுகள் 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக நீர்ஏற்றத்தைத் தடுத்தன. அதன் பிறகு பெரிய வெள்ளம் குறைந்துவிட்டது. ஆயினும் இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் கீழ்த்தள வீட்டைத் தவிர்ப்பது நல்லது.

5. மொத்த விலை: ஓர் இரவு வாடகையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சுத்தம் செய்யும் கட்டணம், முன்பதிவு நிறுவனத்தின் கட்டணம், திருப்பித் தரும் வைப்புத்தொகை, மாநகராட்சியின் தங்கல் வரி ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். தங்கல் வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று முதல் ஐந்து இரவுகளுக்கு வசூலிக்கப்படுகிறது.

6. நுழைவுக் கட்டணம்: பகலில் மட்டும் வந்து போகும் சுற்றுலாப் பயணிகளிடம் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்கும் முறை 2024 ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. இரவு தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கை முன்கூட்டியே பதிந்து சீட்டு வைத்திருக்க வேண்டும்.

7. கடவுச்சீட்டு: தங்குபவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் கடமை. அவர் கடவுச்சீட்டைக் கேட்டால் அது முறையான கேள்வியே. கேட்கவே இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

8. இருப்புப் பட்டியல்: நாம் சரக்கு இறங்கும்போது சிட்டையோடு ஒத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல, உள்ளே போனதும் சாமான் பட்டியலோடு வீட்டை ஒத்துப் பார்க்க வேண்டும். உடைந்த கோப்பை, கிழிந்த திரை, ஓடாத சலவை இயந்திரம் எதுவானாலும் அன்றைக்கே படம் எடுத்து அனுப்பிவிட்டால், கிளம்பும்போது வைப்புத்தொகையில் பிடித்தம் வராது. எரிவாயுக் கசிவையும் கார்பன் மோனாக்சைடையும் காட்டும் கருவிகளும் தீயணைப்பானும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இவற்றை வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

விடுபவர் கணக்கு

வீட்டுக்காரர் ஏன் குடும்பத்துக்கு விடாமல் விருந்தாளிக்கு விடுகிறார்? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடாது. அவர் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

இத்தாலியில் 1998ஆம் ஆண்டின் 431ஆம் எண் சட்டப்படி, வழக்கமான குடியிருப்பு ஒப்பந்தம் நான்கு ஆண்டு, அதன்மேல் மேலும் நான்கு ஆண்டு என்று அமைகிறது. நாள் வாடகைக்கோ இந்தக் கட்டு இல்லை. 30 நாளுக்கு மேற்படாத ஒப்பந்தத்தைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியதும் இல்லை. வீடு எப்போதும் தம் கையிலேயே இருக்கிறது என்ற நிம்மதி வீட்டுக்காரருக்கு. வாடகைக்கு விட்ட கடையைத் திரும்பப் பெற நீதிமன்றப் படி ஏறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வருமானம் எப்படி? கீழே வருவது நாம் பாடத்துக்காகப் போட்ட மாதிரிக் கணக்கு. வரி விகிதம் மட்டுமே உண்மையானது. 2024 முதல் நாள் வாடகைக்கு ஒரு வீட்டுக்கு 21 சதவிகிதமும், அதற்கு மேற்பட்ட வீட்டுக்கு 26 சதவிகிதமும் நேர்வரி. செலவைக் கழிக்காமல் மொத்த வரவின் மேல் இது கணக்கிடப்படும்.

குடும்பத்துக்கு மாதம் 900 யூரோவுக்கு விட்டால் ஆண்டு வரவு 10,800. அதில் 21 சதவிகித நேர்வரி 2,268 போனால் நிற்பது 8,532 யூரோ.

விருந்தாளிக்கு ஓர் இரவு 120 யூரோ என்று விடுவதாக வைத்துக்கொள்வோம். நிலையான செலவு ஆண்டுக்கு 3,000 யூரோ. சலவை, சுத்தம், தரகு, மின்சாரம் எல்லாம் சேர்ந்து ஓர் இரவுக்கு 30 யூரோ.

ஆண்டில் 150 இரவு ஓடினால்: வரவு 18,000, செலவு 7,500, வரி 3,780, மிச்சம் 6,720.

200 இரவு ஓடினால்: வரவு 24,000, செலவு 9,000, வரி 5,040, மிச்சம் 9,960.

250 இரவு ஓடினால்: வரவு 30,000, செலவு 10,500, வரி 6,300, மிச்சம் 13,200.

கணக்கைக் கூர்ந்து பாருங்கள். 150 இரவுதான் ஓடும் என்றால் குடும்பத்துக்கு விட்டதைவிடக் குறைவு. 250 இரவு ஓடும் இடத்தில் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆக, ஊரில் கூட்டம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக வீடுகள் கைமாறும். புகழ்பெற்ற பழைய பகுதிகளில் இது முதலில் நடப்பதற்குக் காரணம் இதுதான்.

மளிகைக்காரர் கணக்கு

மாடியில் யார் இருந்தால் என்ன, ஆள் இருந்தால் வியாபாரம் நடக்கும் என்று நமக்குத் தோன்றலாம். விருந்தாளியும் பால், ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கத்தானே செய்வார்? வாங்குவார். ஆனால் என்ன வாங்குவார் என்று பார்க்க வேண்டும். ஐந்து கிலோ மாவு வாங்க மாட்டார். பெரிய டின் எண்ணெய் வாங்க மாட்டார். சலவைத் தூள், விளக்குமாறு, பள்ளி நோட்டு, பல்பு எதுவும் வேண்டாம். ஒரு நாள் காலைச் சிற்றுண்டிக்கான சாமான் போதும்.

இதற்கும் ஒரு மாதிரிக் கணக்கு. கடையைச் சுற்றி 100 வீடுகள். ஒரு குடும்பம் மாதம் 400 யூரோவுக்கு வாங்குகிறது. ஆண்டுக்கு ஒரு வீட்டில் 4,800, நூறு வீட்டில் 4,80,000 யூரோ விற்பனை. மொத்த லாபம் 25 சதவிகிதம் என்றால் 1,20,000. கடை வாடகை, சம்பளம், மின்சாரம் முதலியவை 90,000. உரிமையாளர் கையில் நிற்பது 30,000 யூரோ.

இப்போது 30 வீடுகள் விடுமுறை வீடுகளாகின்றன. ஒவ்வொன்றிலும் ஆண்டில் 200 இரவு ஆள் தங்கி, இரவுக்கு 10 யூரோ வீதம் கடையில் வாங்குகிறார்கள் என்று தாராளமாகவே வைப்போம். ஒரு வீட்டில் 2,000 யூரோ. முன்பு வந்தது 4,800. வீட்டுக்கு 2,800 குறைவு. முப்பது வீட்டுக்கு 84,000 குறைவு. விற்பனை 3,96,000 ஆகிறது. அதில் 25 சதவிகிதம் 99,000. செலவு 90,000 அப்படியே இருக்கும். உரிமையாளர் கையில் நிற்பது 9,000 யூரோ மட்டும்.

விற்பனை குறைந்தது பதினேழரை சதவிகிதம். லாபம் குறைந்ததோ 70 சதவிகிதம்! நூற்றில் முப்பது வீடுதானே போயிற்று, எழுபது இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தால் கடை நிற்காது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

இதோடு முடியவில்லை. கூட்டம் வரும் தெருவில் முகமூடி, கண்ணாடிப் பொம்மை, நினைவுப் பொருள் விற்பவர் கட்டட உரிமையாளரிடம் கூடுதல் வாடகை தருகிறேன் என்று வருவார். மளிகைக்காரரின் கடை வாடகை ஆண்டுக்கு 9,000 யூரோ கூடினால் போதும், மிச்சம் பூஜ்யம். வெனிஸில் சரக்குக் கொண்டுவருவதே செலவு. படகில் வந்து, கைவண்டியில் ஏற்றி, பாலத்துப் படிகளில் தள்ளி ஏற்றித்தான் கடைக்குள் வர வேண்டும். அந்த இறக்குக் கூலியையும் விலையில் சேர்த்து விற்கும் சிறு கடைக்கு, லாபத்தில் விட்டுக்கொடுக்க இடம் இருப்பதில்லை.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

1951இல் வெனிஸின் பழைய தீவு நகரத்தில் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022 ஆகஸ்டில் அந்த எண்ணிக்கை 50,000க்குக் கீழே இறங்கியது. ரியால்டோ அருகே ஒரு மருந்துக் கடைக்காரர் 2008 முதல் தம் கடைக் கண்ணாடியில் ஊர் மக்கள் தொகையைக் காட்டும் எண்பலகை வைத்திருக்கிறார். தொடங்கியபோது 60,000க்கும் மேல் காட்டிய பலகை அது. பின்னர் ஒரு புத்தகக் கடையின் கண்ணாடியில் சுற்றுலாப் படுக்கைகளின் எண்ணிக்கையைக் காட்டும் பலகையையும் ஊர் மக்கள் வைத்தார்கள். 2023 செப்டம்பரில் படுக்கைகளின் எண்ணிக்கை குடிமக்கள் எண்ணிக்கையைத் தாண்டியது. இந்த இரு பலகைகளையும் தாங்கி நிற்பவை சிறு கடைகள் என்பது கவனிக்கத்தக்கது. வாடிக்கை குறைவதைக் கடைக்காரர்தான் முதலில் உணருகிறார்.

நடுநிலையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மக்கள் வெளியேறியதற்கு விடுமுறை வீடு மட்டும் காரணமன்று. 1950களிலிருந்தே மக்கள் கரைப்பகுதிக்குக் குடிபெயரத் தொடங்கிவிட்டார்கள். மார்கேரா தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது. மேஸ்த்ரே பகுதியில் ஈரமில்லாத புது வீடுகள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. 1966 நவம்பர் 4 வெள்ளத்துக்குப் பின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் பலர் வீட்டைக் காலி செய்தார்கள். ஆனால் அன்று காலியான வீட்டுக்கு இன்னொரு குடும்பம் திரும்பி வர வழி இருந்தது. விடுமுறை வீடாக மாறிய பின் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

கடைகளின் பக்கத்திலும் வேறு மாற்றங்கள் நடந்தன. 1998இல் இத்தாலியில் வணிக உரிமச் சட்டம் தளர்த்தப்பட்டது. அதுவரை 14 சரக்கு வகைகளாக இருந்த உரிமப் பட்டியல், உணவுப் பொருள், உணவல்லாத பொருள் என இரண்டாகச் சுருங்கியது. இறைச்சிக் கடையோ ரொட்டிக் கடையோ மூடினால் அதே வகைக் கடைதான் அங்கே வரும் என்ற உறுதி போயிற்று. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளும் வந்தன. கன்னரேஜோவில் பழைய திரையரங்கு ஒன்று 2016இல் சூப்பர் மார்க்கெட் ஆனது.

அரசு செய்தவை

வீட்டுக்காரர், பயணி, குடிமக்கள், கடைக்காரர் என்று நால்வருக்கும் நடுவே நின்று அரசு சில நடவடிக்கைகளை எடுத்தது. 2017இல் வெனிஸ் மாநகராட்சி, பழைய நகரத்தில் கையில் வாங்கிச் சாப்பிடும் உணவுக் கடைகள் புதிதாக வருவதைத் தடுத்தது. அதே ஆண்டில் புதிய ஹோட்டல்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஹோட்டலைக் கட்டுப்படுத்தியும் வீடுகளின் கதவு திறந்தே இருந்ததால் பலன் முழுமையாகக் கிடைக்கவில்லை. 2022இல் இத்தாலிய நாடாளுமன்றம் நாள் வாடகை வீடுகளுக்கு வரம்பு விதிக்கும் அதிகாரத்தை வெனிஸுக்குச் சிறப்பாகக் கொடுத்தது. ஆண்டில் 120 நாளுக்கு மேல் விட நிபந்தனை விதிக்கலாம் என்பது அதன் சாரம். சட்டம் வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் மாநகராட்சி அந்த வரம்பைக் கொண்டுவரவில்லை.

மற்ற நகரங்களும் இதே கேள்வியைச் சந்தித்து வருகின்றன. பாரிஸில் ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வரம்பு 120 இரவாக இருந்தது, 2025 முதல் 90 ஆகக் குறைக்கப்பட்டது. பார்சிலோனா மேயர் 2024 ஜூனில், அந்நகரின் சுமார் 10,000 சுற்றுலா வீட்டு உரிமங்களும் 2028 நவம்பரோடு முடிவுக்கு வரும் என்று அறிவித்தார்.

விருந்தாளியை மட்டுமே நம்பிய வணிகம் எவ்வளவு நிலையற்றது என்பதற்கும் வெனிஸே சான்று. நாம் மேலே பார்த்த ஜெர்மானிய வணிகர் கட்டடம் பின்னாளில் தபால் நிலையமாக இருந்தது. 2016இல் ஆடம்பரப் பொருள் அங்காடியாக மாறியது. 2025இல் அந்த அங்காடியும் மூடப்பட்டது. 2020 வசந்தத்தில் கொரோனா தடை வந்தபோது நினைவுப் பொருள் கடைகளின் கதவுகள் இறங்கின. திறந்திருக்க அனுமதி பெற்ற உணவுப் பொருள் கடைகளுக்கு அன்று வந்து வாங்கியவர்கள் அக்கம்பக்கத்துக் குடும்பங்களே.

கடைக்காரர் செய்யக்கூடியவை

சட்டம் நம் கையில் இல்லை. கடை நம் கையில் இருக்கிறது. இப்படி ஒரு தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் என்ன செய்யலாம்?

முதலாவது, எஞ்சியிருக்கும் குடும்பங்களைக் கண்போல் காக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத நான்காவது மாடியில் இருக்கும் முதியவருக்குச் சாமானை மேலே கொண்டுபோய்க் கொடுக்கும் கடையை அவர் விடமாட்டார். சூப்பர் மார்க்கெட்டால் எளிதில் செய்ய முடியாத பணி இது.

இரண்டாவது, விருந்தாளிக்கென்று ஒரு தனி அலமாரி ஒதுக்கலாம். சிறு பொட்டலச் சர்க்கரை, உப்பு, காபித் தூள், நூறு மில்லி எண்ணெய், இரண்டு பேருக்கான பாஸ்தா, துணி சோப்பு ஒரு கட்டி. சிறு பொட்டலத்தில் லாப விகிதம் கூடுதல். ஆனால் இதற்காகக் குடும்பச் சரக்கின் இடத்தைக் குறைத்துவிடக் கூடாது.

மூன்றாவது, விடுமுறை வீட்டுக்காரரையே வாடிக்கையாளராக்க வேண்டும். விருந்தாளி வரும் நாளன்று பால், ரொட்டி, பழம், தண்ணீர் அடங்கிய பை ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு, மாத முடிவில் வீட்டுக்காரரிடம் பில் கொடுக்கலாம். சுத்தப் பொருள், காகிதச் சரக்கு ஆகியவற்றையும் மொத்த விலையில் அவருக்கே தரலாம். கைவிட்டுப் போன வீட்டு வியாபாரத்தில் ஒரு பகுதி இப்படித் திரும்பி வரும்.

நான்காவது, விலையில் நேர்மை. நாளை திரும்பி வரமாட்டார் என்பதற்காக விருந்தாளியிடம் ஒரு விலை, ஊராரிடம் ஒரு விலை என்று வைத்தால் கடையின் பெயர் கெடும். விலை எழுதிய அட்டை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

ஐந்தாவது, கடை வாடகை ஒப்பந்தத்தை வியாபாரம் நன்றாக இருக்கும்போதே நீண்ட காலத்துக்குப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தெருவுக்குப் புகழ் வந்த பிறகு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தால் நம் கை தாழ்ந்திருக்கும்.

ஆறாவது, சங்கமாகப் பேச வேண்டும். வீட்டு வரம்பு, கடை வகை, சரக்குப் படகு நேரம் ஆகியவை மாநகராட்சியின் மேசையில் முடிவாகும் விஷயங்கள். தனிக் கடைக்காரர் சொன்னால் புலம்பலாகத் தோன்றும். அதையே ஒரு தெருவின் கடைக்காரர்கள் எல்லாரும் கணக்கோடு எழுதிக் கொடுத்தால் அது மனுவாகும்.

பயிற்சி

பாடத்தைப் படித்ததோடு நிறுத்தாமல் ஒரு சிறு வேலை செய்து பாருங்கள். உங்கள் பழைய பற்று வரவு நோட்டை எடுங்கள். ஐந்து ஆண்டுக்கு முன் மாதச் சாமான் வாங்கிய குடும்பங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். அவர்களில் இன்றும் வருபவர்களுக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். வராதவர்கள் வேறு கடைக்குப் போனார்களா, வேறு ஊருக்குப் போனார்களா என்று தனித்தனியே குறியுங்கள். வேறு கடைக்குப் போனவர்களை விலையாலும் தரத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியும். வீட்டைக் காலி செய்து போனவர்கள் அதிகம் என்றால், அந்த வீடுகளில் இப்போது குடும்பம் இருக்கிறதா, அலுவலகம் இருக்கிறதா, கிடங்கு இருக்கிறதா, பூட்டு தொங்குகிறதா என்று பாருங்கள்.

இந்தத் தாள் உங்கள் கடையின் எழுதப்படாத முதலுக்கு ஒரு ஐந்தொகை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாளில் சரக்கு இருப்பு எடுக்கும்போது இதையும் ஒருமுறை எழுதிவிடுவது நல்லது. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுவாருங்கள். ஒரே தெருவில் உள்ள நான்கு கடைகளின் தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், தெரு எந்தப் பக்கம் போகிறது என்பது விளங்கிவிடும்.